விரலில் ஒரு வீடு
(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



"போகும்போது வீட்டையா தூக்கிட்டுப் போகப் போறோம்?" என்று எங்கள் கொல்லிமலைப் பக்கம் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். சட்டமும் அதையேதான் வேறு மாதிரி சொல்கிறது. நகை அசையும் சொத்து, வீடு அசையாச் சொத்து. ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்த ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். கட்டடத்தைப் பார்த்து மோதிரம் செய்கிறார்கள். மோதிரத்தில் கல் வைக்க வேண்டிய இடத்தில் கூரை, படிக்கட்டு, வளைவு, கோபுரம் என்று வைக்கிறார்கள். "இதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டுகிற நமக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு.

முதலில் ஒருவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த விக்கி ஆம்பெரி-ஸ்மித் என்ற பெண்மணி, பல ஆண்டுகளாகக் கட்டடங்களை வைத்தே நகை செய்துவருகிறவர். மோதிரம், புரூச், தோடு, சின்னச் சின்னப் பெட்டி என்று எல்லாவற்றிலும் கட்டடம்தான். பெரும்பாலும் வெள்ளி, அதில் மஞ்சள் தங்கமும் சிவப்புத் தங்கமும் கலந்துவரும். இத்தாலியின் மறுமலர்ச்சிக் காலத்துக் கட்டடங்களிலிருந்து இன்றைய கட்டடங்கள் வரை எடுத்துக்கொள்கிறார். லண்டனில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் நாடக அரங்கமும் அவர் கையில் நகையாகியிருக்கிறது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய வேலை இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். அவரிடம் சாதாரண ஆட்களும் வந்து கேட்கிறார்கள். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட தேவாலயம், நாங்கள் குடியிருந்த வீடு, அதை மோதிரமாகச் செய்து தாருங்கள் என்று.

கட்டடத்தை அப்படியே சுருக்கிவிட்டால் மோதிரம் ஆகிவிடுமா? ஆகாது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 100 அடி உயரக் கட்டடத்தை 2 சென்டிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். அளவு விகிதம் ஏறக்குறைய 1:1500. மூன்று அடி அகலக் கதவு 0.6 மில்லிமீட்டர் ஆகிவிடும். நாலு அங்குலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸ் 0.07 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம்தான். பாலிஷ் போட்டதும் காணாமல் போய்விடும். ஆகவே செய்கிறவர் எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரு கட்டடத்தைப் பார்த்ததும் "இது அதுதான்" என்று கண்டுபிடிக்க வைப்பது எது? சில கட்டடத்துக்கு வளைவு, சிலதுக்குப் படிக்கட்டு, சிலதுக்குக் கூரையின் சாய்வு. அதை மட்டும் பெரிதுபடுத்தி, மற்றதைத் தகட்டின் மேல் கோடாகக் கீறி விட்டுவிட வேண்டும். ஆம்பெரி-ஸ்மித்தின் வேலையில் நான் கவனித்தது இதைத்தான். பொம்மை வீடு மாதிரி இருக்காது. ஆனால் பார்த்ததும் உள்ளே போகலாம் போலத் தோன்றும்.

புரூச் இன்னும் கஷ்டம். சில மில்லிமீட்டர் கனத்துக்குள் ஒரு முற்றத்தின் ஆழத்தைக் காட்ட வேண்டும். அப்போது கை கொடுப்பது பர்ஸ்பெக்டிவ். நாம் எந்தப் பாடத்தை "பாஸ் ஆனா போதும்டா சாமி" என்று கும்பிடுகிறோமோ, அதே பாடம்!

பெரிய பெயர்களும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். பல்கரி என்ற ரோம் நகரத்து நகைக் கம்பெனி 1999-ல் கொலோசியம் அரங்கத்தை மனதில் வைத்து ஒரு சுருள் மோதிரம் செய்தது. அதற்கே பிறகு கட்டடக்கலைஞர் ஜாஹா ஹதீத் புது வடிவம் கொடுத்தார். அவர் 2016-ல் இறந்தபின் 2017-ல் அது வெளிவந்தது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பிராங்க் கெரி 2006-ல் டிஃபனி கம்பெனிக்காக நகை வரைந்தார். இவையெல்லாம் விளம்பரத்தோடு வந்தவை. அழகுதான், ஆனால் இவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

இதைவிட மனதைத் தொட்டது ஒரு பழைய மோதிரம். ஜெர்மனியில் எர்ஃபர்ட் என்ற ஊரில் 1998-ல் கட்டட வேலைக்காகத் தோண்டும்போது ஒரு புதையல் கிடைத்தது. வெள்ளிக் காசுகள், கட்டிகள், நகைகள். அவற்றுக்கு நடுவே ஒரு தங்க மோதிரம். அதன் மேல் குட்டியாக ஒரு கட்டடம். அந்தக் காலத்துக் கூர்வளைவுகள், கோபுரம் மாதிரி கூரை, கூரைமேல் ஹீப்ரு எழுத்தில் கல்யாண வாழ்த்து. உள்ளே ஒரு சின்னத் தங்க உருண்டை. கையை அசைத்தால் சலங்கை மாதிரி சத்தம் வரும். யூதர்களின் திருமண மோதிரம் அது, 14-ஆம் நூற்றாண்டு. மேலே இருக்கும் கட்டடம் எருசலேமில் இடிக்கப்பட்ட ஆலயத்தையும் புதுத் தம்பதியின் வீட்டையும் சேர்த்துக் குறிக்கிறது என்கிறார்கள். 1349-ல் கொள்ளை நோய் வந்தபோது "இவர்களால்தான் வந்தது" என்று பழிபோட்டு எர்ஃபர்ட்டின் யூதர்களைக் கொன்றார்கள். அந்தச் சமயத்தில் யாரோ இதைப் புதைத்திருக்கிறார்கள். திரும்ப வந்து எடுக்க அவர்கள் இல்லை. இதே மாதிரி இன்னொரு மோதிரம் பிரான்சின் கோல்மார் நகரில் 1863-ல் ஒரு வீட்டுச் சுவருக்குள்ளிருந்து கிடைத்தது; இப்போது பாரிஸ் குளூனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குடியிருந்த வீடும் போனது, குடியிருந்தவர்களும் போனார்கள். விரலில் கிடந்த வீடு மட்டும் அறுநூறு வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு சிக்கல். நம் வீடுகளில் நகை என்றால் கலை இல்லை. அவசரத்துக்கு உதவும் பேங்க். என்னுடைய முதல் வருஷ ஃபீஸ் எங்கள் அம்மாவின் கம்மல்தான். அடகு வைக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். உரைகல்லில் உரசிப் பார்ப்பார்கள். கல் எடையைக் கழிப்பார்கள். மீதிக்குக் கிராம் கணக்கு. வாங்கும்போது நாம் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் அங்கே பூஜ்யம். மயில் வரைந்த கம்மலானாலும் மொட்டைக் கம்பியானாலும் ஒரே விலை. தட்டாருடைய மூளைக்கும் கைக்கும் அந்தத் தராசில் எடை கிடையாது.

இந்தக் கிராம் கணக்கை எதிர்த்து மேல்நாட்டில் ஒரு கூட்டமே கிளம்பியது. 1967-ல் நெதர்லாந்தின் ஹைஸ் பக்கர் என்பவர் ஸ்டவ் புகைக்குழாய் மாதிரி அலுமினியத்தில் பெரிய கழுத்து நகை செய்தார். மதிப்பு உலோகத்தில் இல்லை, வடிவத்தில்தான் என்று காட்டுவதற்காகச் செய்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுமினியத்தைக் கொண்டுபோய் யாரிடம் அடகு வைப்பது? அவசரம் வராத வீட்டில் பிறந்தவர்கள் பேசக்கூடிய பேச்சு அது என்றே எனக்குப் படுகிறது. கட்டட நகை செய்கிறவர்கள் வெள்ளியைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. உலோகத்துக்கும் ஒரு விலை நிற்கும், வேலைக்கும் ஒரு விலை கேட்கலாம்.

இப்போது கேள்வி: தமிழ்நாட்டில் கட்டடமும் நகையும் சேர்ந்தது உண்டா? சேர்ந்தது என்ன, இங்கே அவை பிரிந்ததே இல்லை என்பேன். காரணம், செய்தவர்கள் ஒரே இனத்து ஆட்கள். கல் செதுக்கும் சிற்பி, மரம் இழைக்கும் தச்சர், இரும்படிக்கும் கொல்லர், வெண்கலம் வார்க்கும் கன்னார், பொன் வேலை செய்யும் தட்டார், இந்த ஐந்து தொழிலாரையும் சேர்த்துத்தான் கம்மாளர் என்கிறோம். அண்ணன் கோயில் கட்டுவார், தம்பி சாமிக்கு நகை செய்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் வரைந்த கோடு தம்பி பட்டறைக்கு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சொற்களைப் பாருங்கள். சிற்ப சாஸ்திரத்தில் விமானத்தின் பகுதிகளுக்கு உடம்பின் பெயர்கள். தூணும் சுவரும் நிற்கும் பகுதிக்குப் பாதம். கூரைக்குக் கீழே ஒடுங்கும் பகுதிக்குக் கிரீவம், அதாவது கழுத்து. முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் லாட வடிவக் கூட்டுக்கு நாசி, மூக்கு. மூலையில் வரும் சின்னக் கோயிலுக்குக் கர்ணகூடு. கர்ணம் என்றால் காது. (பிதாகரஸ் தேற்றத்தில் நாம் மனப்பாடம் செய்த கர்ணமும் இதே சொல்தான்!) கட்டடத்துக்குக் கழுத்து, காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டு நகை போடாமல் விடுவார்களா? தூணைச் சுற்றி முத்துமாலை தொங்குவது போலக் கல்லில் செதுக்கிவிட்டார்கள். அடுத்த முறை கோயிலுக்குப் போனால் தூணின் மேல்பகுதியைப் பாருங்கள், தெரியும்.

எதிர்ப்பக்கமும் அப்படியே. கோயில் மாடத்துக்கு மேல் இரண்டு மகரம் எதிரெதிரே வாயைத் திறந்து, நடுவில் வளைவு எழும்பும். அதற்கு மகரத்தோரணம் என்று பெயர். பரதநாட்டியக்காரர்கள் அணியும் பதக்கங்களிலும் அதே இரண்டு மகரம், அதே வளைவு. அந்த நகைகளுக்குப் பெயர் போன இடம் நாகர்கோவில் வடசேரி. அங்கே செய்யும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வெள்ளியில் சட்டம் கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக்கல் பதித்து, மேலே மெல்லிய தங்கத் தகடு ஒட்டிச் செய்வார்கள். தலையில் இரண்டு பக்கமும் வைக்கும் சூரியன் சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம் எல்லாம் இந்த வகைதான்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 1010-ல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் சுவரிலேயே நகைக் கணக்கை வெட்டிவைத்திருக்கிறார் ராஜராஜ சோழர். இன்ன நகை, இத்தனை முத்து, இவ்வளவு கழஞ்சு, இவ்வளவு மஞ்சாடி என்று எடையோடு. சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு இவற்றையும் சேர்த்து நிறுத்த எடை இது என்று கூட எழுதியிருக்கிறது. எங்கள் ஊர் அடகுக் கடைச் சீட்டு கூட அவ்வளவு விவரமாக இருக்காது.

அந்த அரக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த நகை இனிமேல்தான் வருகிறது.

மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிமார்களின் காதில் தோள்வரை தொங்கும் பாம்படம், தண்டட்டி. எங்கள் மலையில் அதைப் போட்ட காதை நான் பார்த்ததில்லை. அருங்காட்சியகத்தில்தான் கிட்டத்தில் பார்த்தேன். பூ இல்லை, கொடி இல்லை, மயில் இல்லை. கனசதுரம், உருண்டை, அரை உருண்டை, முக்கோணப் பட்டகம். அவ்வளவுதான்! இஞ்சினியரிங் டிராயிங் முதல் செமஸ்டரில் "சாலிட்ஸ்" என்று வரைகிறோமே, அதையெல்லாம் தங்கத்தில் செய்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் காதில் மாட்டிய மாதிரி இருக்கும். பாம்பு படமெடுப்பதைத்தான் இப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பெயரே சொல்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இவை இருக்கின்றன. கியூபிசம் என்று பிக்காசோ பெயரைச் சொல்லி மேல்நாட்டில் கொண்டாடுகிறார்கள். அது தொடங்கியதே 1907 வாக்கில். அதற்கு முன்பே நம் பாட்டிகள் அதை மாட்டிக்கொண்டு களை வெட்டப் போனார்கள்.

இதில் உள்ள இஞ்சினியரிங்கைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தைக் கெட்டித் தங்கத்தில் செய்தால் எடை 19.3 கிராம். பவுன் 8 கிராம் என்றால் ஏறக்குறைய 2.4 பவுன். ஒரு குட்டிக் கட்டிக்கு! காதும் தாங்காது, குடும்பமும் தாங்காது. அதே கனசதுரத்தை 0.2 மில்லிமீட்டர் தகட்டில் உள்ளே வெற்றாகச் செய்வோம். ஆறு பக்கம், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 0.02 சென்டிமீட்டரால் பெருக்கினால் 0.12 கன சென்டிமீட்டர். எடை 2.3 கிராம். கால் பவுனுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால் அவ்வளவு மெல்லிய தகடு விரலால் அழுத்தினாலே உள்வாங்கிவிடும். அதற்குத்தான் உள்ளே அரக்கு. அரக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் வரும். வெளித்தகடு விறைப்பைக் கொடுக்கிறது, உள்ளே இருக்கும் லேசான பொருள் தகட்டை நெளியவிடாமல் பிடிக்கிறது. இதையே இன்றைக்கு சாண்ட்விச் பேனல் என்று பாடத்தில் படிக்கிறோம். இரும்பு உத்தரத்தை ஏன் ஐ வடிவில் செய்கிறார்கள் என்று கேட்டால், உலோகம் வேலை செய்யும் இடத்தில் வை, வேலை செய்யாத இடத்தில் எடுத்துவிடு என்று சார் சொல்வார். தட்டாருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? விலைதான் சொல்லிக் கொடுத்திருக்கும். இத்தாலியில் பதுவா நகரத்து ஜாம்பாவ்லோ பபெட்டோ என்ற பொற்கலைஞர், கட்டடக்கலையை மனதில் கொண்டு தங்கத்தில் வெற்று உருவங்களாகச் செய்து உலகப் புகழ் பெற்றிருக்கிறார். அவருடைய நகைப் படத்தையும் தண்டட்டிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பட்டறை என்று சத்தியம் செய்வீர்கள்.

அடுத்தது செய்முறை. எங்கள் சித்தப்பா சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் இந்த வேலை நடக்கிறது. எங்கள் மலையிலிருந்து இறங்குகிற பையன்களில் சிலர் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். லீவு நாட்களில் போய் உட்கார்ந்து நான் பார்த்ததும் கேட்டதும்தான் இனி வருவது.

கட்டட நகையைத் தகட்டிலிருந்து செய்வதென்றால் முதல் வேலை டெவலப்மென்ட் வரைவது, அதாவது பெட்டியைப் பிரித்து விரித்த மாதிரி. அதை வெள்ளித் தகட்டில் ஒட்டி, மெல்லிய ரம்பத்தால் அறுத்து, மடிக்க வேண்டிய கோட்டில் அரத்தால் பள்ளம் போட்டு மடிப்பார்கள். பிறகு பற்றவைப்பு. பற்றவைக்கும் கலவைக்குப் பட்டறையில் பொடி என்று பெயர். கூடவே வெண்காரம் தடவி நெருப்பு ஊத வேண்டும். இதில் ஒரு சூட்சுமம். ஒரு வீட்டுக்குச் சுவர், கூரை, மோதிர வளையம் என்று பல இணைப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பொடி போட்டால், கூரையைப் பற்றவைக்கும்போது சுவர் கழன்று விழும். அதனால் முதல் இணைப்புக்கு வெள்ளி அதிகம் உள்ள பொடி. அது அதிகச் சூட்டில்தான் உருகும். அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு. கடைசி இணைப்புக்கு இன்னும் குறைவு. வெள்ளி உருகுவதே 962 டிகிரி செல்சியஸில். அதற்குக் கீழேதான் இத்தனை படியும் அடங்க வேண்டும். அஸ்திவாரம், சுவர், கூரை என்று கட்டடத்துக்கு ஒரு வரிசை இருக்கிற மாதிரி நகைக்கும் நெருப்பு வரிசை இருக்கிறது.

இன்னொன்று. நாலு பக்கமும் மூடிய வெற்று உருவத்தை அப்படியே நெருப்பில் காட்டக்கூடாது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் விரிந்து தகட்டைப் பிளந்துவிடும். எங்காவது ஒரு சின்னத் துளை விட்டாக வேண்டும். வீட்டு மோதிரத்துக்கு அந்தக் கவலையே வேண்டாம். வாசல் இருக்கிறதே!

இன்னொரு வழி வார்ப்பு. கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் வரைந்து, மெழுகு போன்ற பொருளில் அச்செடுத்து, அந்த மெழுகு உருவங்களை ஒரு தண்டில் கிளை கிளையாக ஒட்டி மரம் மாதிரி ஆக்குவார்கள். அதைச் சுற்றி ஜிப்சம் பசை ஊற்றி, உலர்ந்ததும் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். கோயம்புத்தூர் நகைப் பட்டறைகளில் இன்று அன்றாடம் நடப்பது இதுதான். மெஷின் புதுசு, முறை சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற அதே மெழுகு முறை. அங்கே ஒரு மெழுகு உருவம் ஒரு சிலையோடு சரி, இங்கே ஒரு படத்திலிருந்து ஆயிரம் மோதிரம்.

ஆயிரம் மோதிரம் என்றதும் ஒரு கேள்வி வருகிறது இல்லையா? சித்தப்பாவிடமே கேட்டேன், "இந்த டிசைனையெல்லாம் யார் வரையறாங்க சித்தப்பா?" என்று. "டை வரும்மா. யாரு வரைஞ்சாங்கன்னு நாங்க கேக்கறதில்ல" என்றார். அவருக்குக் கூலி கிராம் கணக்கில். அரம் போடுகிறவருக்கும் பற்றவைக்கிறவருக்கும் எடைக்கு ஏற்ற கூலி, வரைகிறவருக்குப் படத்துக்கு ஏற்ற கூலி. அந்தப் படம் என்பது பிளான், எலிவேஷன், செக்‌ஷன், ஐசோமெட்ரிக். மூன்று வருஷமாக நாம் எதை வரைகிறோமோ அதுதான். ஆட்டோகேட் கற்றவனுக்கு நகை வரையும் மென்பொருள் ரொம்ப தூரமில்லை. சைட்டில் சூப்பர்வைசர், இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸ் என்று இரண்டு கதவு மட்டும் தட்டிக்கொண்டிருக்கும் சிவில்காரர்களுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு கதவு இருக்கிறது. என் கிளாஸில் யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படிப்பதோடு விடாமல் நானும் ஒன்று வரைந்து பார்த்தேன். எந்தக் கட்டடத்தை எடுப்பது? எல்லோரும் அறப்பளீஸ்வரர் கோயிலைத்தான் சொன்னார்கள். கோயிலுக்கு வடசேரிக்காரர்கள் இருக்கிறார்கள். தோழி ஒருத்தி காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவையும் ஒட்டியாணமாகச் செய்யச் சொன்னாள். யோசித்துப் பார்த்தால் நெளி மோதிரம் போட்டவர்கள் எல்லாம் ஆளுக்கு இரண்டு வளைவை விரலில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்! நான் எடுத்தது எங்கள் தாத்தா வீடு. மண் சுவர், மூங்கில் சட்டம், புல் வேய்ந்த கூரை. அது இப்போது இல்லை. அந்த இடத்தில் தளம் போட்ட வீடு இருக்கிறது. மழைக்கு ஒழுகாது, பாம்பு வராது. பாட்டியே அதைத்தான் நல்லது என்கிறது. பழைய வீட்டுக்கு ஒரு போட்டோ கூட கிடையாது. பிளானும் கிடையாது, யார் போட்டார்கள் பிளான்?

அதனால் பாட்டியை உட்கார வைத்து அளவு கேட்டேன். முழக்கணக்கில் சொன்னது. அடிக்கு மாற்றினால் நீளம் 14, அகலம் 10, சுவர் உயரம் 6, அதற்கு மேல் கூரை முகடு 7. ஓர் அடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். விகிதம் ஏறக்குறைய 1:305. நீளம் 14 மில்லிமீட்டர், மொத்த உயரம் 13. விரலுக்குச் சரியான அளவு. பெரிய கட்டடத்துக்குத்தான் சுருக்கும் தொல்லை. சின்ன வீடு தன் அளவிலேயே மோதிரத்துக்குள் வந்துவிட்டது. வாசல் 5 மில்லிமீட்டர் உயரம், குனிந்து போகும் வாசல்.

கெட்டியாக வார்த்தால் வீடு மட்டும் 14 கிராம் வெள்ளி. அரை மில்லிமீட்டர் தகட்டில் வெற்றாகச் செய்தால் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 4.4 கிராம். 4 மில்லிமீட்டர் அகலத்தில் வளையம் 3.4 கிராம். மொத்தம் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சுவருக்கு முதல் பொடி, கூரைக்கு இரண்டாவது, வளையத்துக்குக் கடைசி. சுவரைப் பாலிஷ் போடாமல் மங்கலாக விட வேண்டும், மண் சுவர் பளபளக்காது. புல்லுக்கு என்ன செய்வது என்றுதான் ரொம்ப நாள் யோசித்தேன். தகட்டில் கோடு கீறினால் ஓடு மாதிரி தெரிகிறது. மெல்லிய வெள்ளிக் கம்பியை வரிசையாக அடுக்கிப் பற்றவைக்கலாம் என்றார் சித்தப்பா. அடிக்கூரையிலிருந்து தொடங்கி மேலே மேலே போக வேண்டும், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் தலையை மூட வேண்டும். புல் வேய்வதும் அப்படித்தான் என்று பாட்டி சொன்னது.

கூரை ஓரத்தை எவ்வளவு நீட்டலாம் என்றும் அவரிடம் கேட்டேன். மலையில் சாரல் சுவரில் அடிக்காமல் இருக்கக் கூரை நன்றாக இறங்கியிருக்கும். "ரெண்டு மில்லி இறக்கு. ஆனா முனையை உள்பக்கம் மடக்கிடு. இல்லாட்டி சேலை நூல்ல மாட்டும்" என்றார். மடக்கி வரைந்த பிளானும் எலிவேஷனும் எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன. அளவுகள் மில்லிமீட்டரில்.